மூக்காயியின் கீழ்ச்செட்டு

மூக்காயி ‘முடியாது’ என்று சொன்னபோதெல்லாம் அவளுடைய கீழ்ப்பல் செட்டு வாயைவிட்டு வெளியேறி, ஆள் உயரத்துக்கு எழுந்து, காற்றில் நின்றது. கஹவத்தைக்கு மேலேயுள்ள இறப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் பால் வெட்டியவள் அவள். மிஞ்சியிருந்த பற்களை அறுபதாவது வயதில் பிடுங்கி, பொய்ப்பல் செட்டுக் கட்டிக்கொண்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளின் மாதர் சங்கத்துக்குத் தலைவி என்பதால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு கிழமை கழிவதில்லை. மேல்செட்டு அண்ணத்தைப் பற்றிக்கொண்டு ஒழுங்காகவே இருந்தது. கீழ்த்தாடை எலும்புதான் தேய்ந்துபோய், பிடிக்க ஒன்றுமில்லாமல் கிடந்தது. புருசன் ஏழுமலை செட்டைத் தாவிப் பிடித்து, கழுவிக் கொடுப்பான்.

தோட்டத்துத் துரை இதைக் கவனித்து வைத்திருந்தார். லயத்துச் சனம் குடம் பிடிக்கும் பீலிக்கு வரும் ஊற்றுத் தண்ணீரை, கீழே கட்டும் ஹோட்டலுக்குக் குழாய் போட்டுத் திருப்புவது பற்றிக் கூட்டம் வைத்த அன்று, மூக்காயி முதல் வார்த்தையிலேயே செட்டை இழந்தாள். பிறகு பேசிய கால்மணி நேரமும் குழைந்த சோறாக வெளிவந்தது. விளங்காததைச் சம்மதம் என்று கிளாக்கர் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் பீலி நூலாக மெலிந்து, ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆனது.

“வாயிருந்தும் ஊமையாக்கிட்டாங்க,” என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பஸ் ஏறினாள்.

நகரத்துப் பல் வைத்தியசாலையில் டொக்டர் ஷிப்னா, பல்லில்லாத கீழ்த்தாடைக்கு எந்தப் பிடிமானம் நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மூக்காயியின் தாடை முன்புறத்தில் இரண்டு டைட்டேனியத் திருகாணிகளை இறக்கினார். எலும்பு அவற்றோடு ஒட்டும்வரை மூன்று மாதம் பொறுத்து, அவற்றின் தலையில் பொத்தான்போல் அழுத்திப் பூட்டும் குமிழ்களை வைத்தார். ‘முடியாது’ என்று சொல்லச் சொன்னார். செட்டு எழ முயன்றது, குமிழ் விடவில்லை. ஆகவே மூக்காயி நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி இறங்கினாள். டொக்டர் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டார். அடுத்த மூன்று மாதம் அதே திருகாணிகளை இணைத்து ஒரு கம்பி. செட்டு அதைக் கவ்விக்கொண்டது. இம்முறை அவளுடைய தலை கூரையைத் தொட்டது.

“குமிழ் கழுவ லேசு. கம்பின்டா கீழ ஒவ்வொரு நாளும் பிரஷ் போடணும், இல்லாட்டி முரசுச் சதை வீங்கும்,” என்றார் டொக்டர். “எழும்புறதும் குமிழ்ல குறைவு. நான் குமிழத்தான் சொல்லுவேன்.”

“எது கெட்டியாப் பிடிக்குதுங்க?”

“கம்பி.”

“அப்ப கம்பியே இருக்கட்டும். கழுவ எனக்குக் கையிருக்கு. கீழயே இருந்து என்னத்தங்க கண்டோம்?”

தை மாதம், இரண்டாவது குழாய்க்காகத் துரை மறுபடியும் ஆபீஸில் கூட்டம் வைத்தார். மூக்காயி எழுந்தாள். “முதக் குழாய்க்கே நாங்க சம்மதிக்கலைங்க. தண்ணி தர முடியாது,” என்றாள். சிங்களத்திலும் அதையே சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் கல்லில் கொத்தியதுபோல் தனித்தனியாகக் கேட்டது. மேசைக்கு மேலே காற்றில், சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். கீழே வந்து பேசும்படி துரை சொன்னார். முடியாது என்றாள், இன்னும் கொஞ்சம் எழுந்தாள். வாசலில் நின்ற பெண்கள் ஒருவரும் கலையவில்லை. நாலு மணிக்குக் கிளாக்கர் சம்மதம் என்ற பழைய வரியை வெட்டிப் புதிதாக எழுதினார். ஏழுமலை ஏணியில் ஏறித் தாளை நீட்ட, அவள் மேலேயே வாசித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு கிழமையில் குழாயைக் கழற்றினார்கள். பீலியில் பழையபடி தண்ணீர் விழுந்தது. அடுத்த கூட்டத்துக்கு முன் ஆபீஸ் கூரையிலிருந்த மின்விசிறியையும் கழற்றிவிட்டார்கள்.