ஸ்ட்ராட்டிஸின் பங்குக் காசு

மூடினால் கைப்பெட்டி, திறந்தால் ரெக்கார்டு பிளேயர். பளீரென்ற சிவப்பு. ஏதென்ஸில் வேலை பார்க்கும் மரூக்கா, பெரியம்மா ஆர்கிரோ தன் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்கட்டும் என்று கிறிஸ்துமஸுக்கு அனுப்பியிருந்தாள். மரூக்காவின் அப்பா லியோனிஸ், பிளேயரின் முள் இருந்த கையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“அண்ணி, இதுல அதப் போடாதீங்க. பொம்மைக் கடை சரக்கு இது. கனம் பூரா முள்ளு மேலதான் இறங்குது. உழுது தள்ளிடும்.”

“உன் மக வாங்குனதுதானே?”

“அவளுக்குப் பெட்டியோட கலர் தெரியும். வேற என்ன தெரியும்?”

மரூக்கா போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள். “எல்லா முள்ளும் தேய்க்கத்தாம்பா செய்யும். உங்க ஜப்பான் மெஷின் மட்டும் முத்தமா குடுக்குது? விலை கம்மின்னாலே உங்களுக்கு ஆகாது.”

லியோனிஸ் கப்பல்களில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யோகோஹாமாவில் வாங்கிய பிளேயரை மனைவி துடைப்பதற்குக்கூட விடமாட்டார். அதனால் ஆர்கிரோ அவர் பேச்சை அந்தப் பெருமையோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள்.

‘அது’ ஒரு சின்னத் தட்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அவள் கணவன் ஸ்ட்ராட்டிஸ், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், காசு போட்டால் குரலைப் பதிந்து கொடுக்கும் கூண்டுக்குள் நின்று ஒரு நிமிஷம் பேசி, தபாலில் அனுப்பியது. தட்டு வீடு வந்து சேர்ந்த அதே நவம்பரில் அவன் போன கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கிவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அப்போது ஆர்கிரோவுக்கு இருபது வயது. ஸ்ட்ராட்டிஸின் தம்பி லியோனிஸ் அரைக்கால் சட்டைப் பையன்.

அவர்களுடைய தீவு ஊரான கர்தாமிலாவில், துக்க வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. ரேடியோவைக்கூடத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் துணியை எடுத்துவிட்டார்கள். ஆர்கிரோ கறுப்பு உடையையும் மாற்றவில்லை, வீட்டுக்குள் பாடுகிற எதையும் வாங்கவும் இல்லை. தட்டு கல்யாணத் துணிகளுக்கு அடியில் கிடந்தது. லியோனிஸ் வளர்ந்து, கப்பலேறி, அந்த மெஷினை வாங்கி வந்த பிறகு, நவம்பர் தோறும் கோவிலில் நினைவுப் பூசை முடிந்து வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டுக் கொடுத்ததும், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாள். ஒரே ஒரு தடவை போடுவார். கடைசி வார்த்தை வரும்போது எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அது புருஷன் பெண்டாட்டிக்கு உள்ள வார்த்தை.

போனில் பதிந்து வைத்துவிடலாம் என்று மரூக்கா எத்தனையோ தடவை கெஞ்சினாள். “என் புருஷன் குரலை ஊரெல்லாம் பையில போட்டுக்கிட்டுத் திரியவா?” என்று ஆர்கிரோ வாயை அடைத்துவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்தத் தீவில் ஆள் கிடையாது.

சிவப்புப் பெட்டி வந்த மறுநாள் காலை, காப்பியை ஆற்றிக்கொண்டு, கதவைத் தாழிட்டுவிட்டுத் தனியாகத் தட்டைப் போட்டாள். எழுபது வயதில் அவளுக்கு வெட்கம் வந்தது.

“ஆர்கிரோ, நான்தான், ஸ்ட்ராட்டி. சத்தமாப் பேசணுமாம். இங்க குளிரு. கோட்டு வாங்கிட்டேன், கவலப்படாத. நல்லா சாப்புடுறேன்னு அம்மாகிட்ட சொல்லு. லியோனி, என் சைக்கிள நீயே எடுத்துக்க, பிரேக்க மட்டும் பாத்துக்கடா. வேற என்ன சொல்ல… சிவப்பு லைட்டு எரியுது. சரி கறுப்பி, வரேன்.” அப்புறம் ஒரு சிரிப்பு. சிரிப்பின் பாதியில் தட்டு முடிந்துவிடும்.

அன்றிலிருந்து தினமும் காப்பி அவனோடுதான்.

புத்தாண்டுக்கு அந்த ஊரில் காசு வைத்த ரொட்டி சுடுவார்கள். யார் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது மாதாவுக்கு, அப்புறம் வீட்டுக்கு, வெளியூரில் இருப்பவர்களுக்கு, கடைசியில் பந்தியில் இருப்பவர்களுக்கு. ஆர்கிரோ ஒவ்வொரு வருஷமும் ஸ்ட்ராட்டிஸுக்கும் ஒரு துண்டு வெட்டுவாள். உடலே வராதவன் வெளியூரில் இருப்பவன்தான் என்பது அவள் கட்சி. பாதிரியாரே பேசிப் பார்த்து ஓய்ந்துபோனார். அந்த வருஷம் காசு ஸ்ட்ராட்டிஸின் துண்டில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவள் யாரிடமும் சொல்லாமல் காசைக் கழுவி கறுப்பு உடையின் பையில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் முள் தடுக்க ஆரம்பித்தது. அதுவும் எந்த இடத்தில் என்று நினைக்கிறீர்கள்? ‘கறு, கறு, கறு’ என்று அதே இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. லியோனிஸிடம் சொன்னால் பெட்டியைத் தூக்கிப்போய்விடுவார். முள் இருந்த கையின் மேல் அந்தக் காசை வைத்தாள். குதிப்பது நின்றது. தன் குரலுக்கு வழிவிடத்தான் ஸ்ட்ராட்டிஸ் காசை அனுப்பியிருக்கிறான் என்று நம்பினாள். சந்தோஷத்தில் அழுதாள்.

நவம்பர் வந்தது. பூசை முடிந்ததும், “இந்த வருஷம் என் வீட்டுல கேப்போம்” என்றாள். லியோனிஸ் கூடவே வந்தார். தட்டை வைத்து, முள்ளை இறக்கி, காசை எடுத்து மேலே வைத்தாள்.

“அது என்ன அண்ணி?”

“அவர் பங்குக் காசு. இதக் கண்டா முள்ளு அடங்கிப்போயிடும். பேசாம கேளு.”

கண்ணை மூடிக்கொண்டாள். ஆர்கிரோ, நான்தான், ஸ்ட்ராட்டி. அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. குளிர் வந்தது, கோட்டு வந்தது, அம்மா வந்தாள், சைக்கிள் வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசி வார்த்தையும் வந்தது. அதற்குப் பின் சிரிப்பு. கண்ணைத் திறந்தாள். லியோனிஸ் ஜன்னல் பக்கம் போகவில்லை. பெட்டி பக்கத்தில் குனிந்து நின்றார். அவர் விரல் சத்தம் வைக்கும் திருகின் மேல் இருந்தது. திருகு அடிவரை இறக்கப்பட்டிருந்தது.

“எப்போ குறைச்ச?” என்றாள்.

“ஆரம்பத்துலயே அண்ணி.”

“பொய் சொல்லாத. முழுசா கேட்டேன்.”

அவர் திருகை மேலே ஏற்றி, முள்ளை மறுபடி முதலில் வைத்தார். இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டதுபோல ஒரு இரைச்சல். தொடக்கம் முதல் முடிவு வரை அவ்வளவுதான். அவர் முள்ளைத் தூக்கி, அதன் நுனியில் ஒட்டியிருந்த சாம்பல்நிறத் தூசியை விரலில் எடுத்துக் காட்டினார்.

“உன் மெஷின்ல போட்டுப் பாப்போம். அது நல்ல மெஷினு.”

“தட்டுலயே இல்ல அண்ணி. எதுல போட்டா என்ன?”

அவள் காசைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லியோனிஸ் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“உங்களுக்கு உள்ளயே ஓடுது. எனக்கு அப்படி இல்ல. வருஷம் முழுக்க மறந்துபோயிடும், இன்னிக்குக் கேட்டாத்தான் அண்ணன் குரல் இப்படின்னு திரும்ப வரும். என் பேர அவர் கூப்புடுறது அது ஒண்ணுலதான் இருந்துச்சு.”

ஆர்கிரோ காசை மேஜைமேல் வைத்தாள். தன் புருஷன், தன் தட்டு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். அதில் இவனுக்கும் ஒரு வரி இருந்தது. அதையும் சேர்த்து அவள் காப்பியோடு குடித்துத் தீர்த்திருக்கிறாள்.

“உக்காந்து கேளு” என்றாள். அவர் உட்கார்ந்துதான் இருந்தார். அவள் எழுந்து நின்றாள், கூண்டுக்குள் நிற்பதைப்போல. குரலை அடியில் இறக்கினாள். “ஆர்கிரோ, நான்தான், ஸ்ட்ராட்டி. சத்தமாப் பேசணுமாம்.” அவன் இழுக்கிற இடத்தில் இழுத்தாள், மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்கினாள். “லியோனி, என் சைக்கிள நீயே எடுத்துக்க, பிரேக்க மட்டும் பாத்துக்கடா.” லியோனிஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அப்படித்தான், அப்படித்தான் என்று முணுமுணுத்தார். கடைசி வார்த்தைக்கு வந்து தயங்கினாள். அதை இதுவரை அவள் வாயால் சொன்னதில்லை. அவரும் பழக்கத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“சரி கறுப்பி, வரேன்.”

ஜன்னல் பக்கமிருந்து லியோனிஸ் திரும்பாமலே கேட்டார். “அப்புறம் அண்ணன் சிரிப்பாரே, அண்ணி.”

ஆர்கிரோ வாயைத் திறந்தாள். சிரிப்பு அவளுக்குக் கேட்டது. ஆனால் அவள் தொண்டையிலிருந்து அது வரவில்லை.