புள்ளி வைத்த பெயர்

லிஃப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கான இணைய மன்றத்தில் நல்ல பதில் எழுதினால் ஒரு புள்ளி தருவார்கள். அந்தப் புள்ளி, எழுதியவரின் பெயரில் ஏதாவது ஓர் எழுத்தின் தலைமேல் போய் உட்காரும். புள்ளி உட்கார்ந்த எழுத்தில் உயிர் இருக்காது, மெய் மட்டும் இருக்கும். தமிழ் படித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் கணவர் தனபாலன் கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். மன்றத்தில் மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார். மூடிய கதவு ஏன் மறுபடி மறுபடி திறக்கிறது என்று திருநெல்வேலியிலிருந்து யாராவது கேட்டால், கதவு ஓடுகிற பள்ளத்தில் தேங்காய் நார் சிக்கியிருக்கும், பழைய பல் பிரஷால் எடுங்கள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் நார் இருக்கும். எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் புள்ளி த-வின் மேல் விழுந்தது. எனக்கு அது தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். பெயரைச் சொல்கிறவர்களுக்குத்தானே அது குறைவது தெரியும்? பொள்ளாச்சியில் இருக்கும் அவருடைய அக்கா மரகதம்தான் போன் செய்தார்.

"ஏங் கோமதி, தம்பியப் பேரு சொல்லிக் கூப்புட்டா மொத எழுத்து வாயில வரவே மாட்டேங்குது. ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

"நல்லாத்தானுங்க இருக்காரு அண்ணி. புள்ளி வாங்கியிருக்காரு."

"அப்பச் செரி" என்று வைத்துவிட்டார்.

மன்றத்தில் அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று புள்ளி, இன்னொன்று நற்பெயர். புள்ளி ஏற ஏற நற்பெயர் இறங்கிக்கொண்டிருந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுதிக் கேட்டேன். நற்பெயர் என்பது பெயரில் இன்னும் நன்றாக இருக்கும் எழுத்துகளின் எண்ணிக்கை என்று பதில் வந்தது. தனபாலனின் கடைசி எழுத்துக்குப் பிறவியிலேயே புள்ளி இருந்ததால் அவர் நான்கில்தான் தொடங்கியிருக்கிறார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பா-வின் முறை வந்தபோது, அதன் துணைக்காலை முதலில் எடுத்துவிட்டுத்தான் புள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நற்பெயர் ஒன்று என்று ஆனதும், அதை முதலிடம் என்று மன்றத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கமாட்டார்களா? ஃபர்ஸ்ட் ரேங்க் என்றால் உருகிப்போகிறவர்கள்தானே நாமெல்லாம். வாழ்த்துகள் குவிந்தன. அந்தக் குவியலில் மிச்சமிருந்த எழுத்துக்கும் புள்ளி வந்துவிட்டது.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி. அவ்வளவு நேரம்தான் அவரைப் பார்க்க முடிந்தது. பீரோ பக்கத்தில் சட்டைக் கை தெரியும், அப்புறம் பீரோதான் இருக்கும். தட்டில் வைத்த இட்லி பாதி குறைந்திருக்கும். 'ஏனுங்க' என்று கூப்பிட்டால் எங்கோ ஒரு கதவு திறந்து மூடும். ஒரு குடியிருப்பின் செயலாளர் வழியில் என்னைப் பார்த்து, "சார் வர்றதும் தெரியல, போறதும் தெரியல, லிஃப்ட் மட்டும் ஜம்முனு ஓடுது" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எங்கள் மகள் சுருதி ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் நாற்காலிகளையெல்லாம் தொட்டுப் பார்ப்பாள், எது சூடாக இருக்கிறதென்று. சூடாக இருக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷன் இல்லாமல் என்னால் முடியாது என்று சமையலறையில் நின்று அழுதேன்.

மன்றத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"மைனஸ் ஓட்டு இருக்குதுங்களே மேடம். உறுப்பினரா இருந்தாப் போதும், யாரு வேணும்னாலும் போடலாம்."

உறுப்பினராவதற்கு லிஃப்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் பிரேக் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். ஆயுத பூஜைக்கு லிஃப்டின் உள்பக்கம் பொட்டு வைப்பதா வெளிப்பக்கமா என்று மரகதம் அண்ணி கேட்டார். எந்த மாடியிலும் இல்லாதபோது லிஃப்ட் எங்கே இருக்கும் என்று சுருதி கேட்டாள். அவளுக்கு யாரும் பதில் எழுதவில்லை, ஆனால் சேர்த்துக்கொண்டார்கள்.

மூவரும் ஆளுக்கொரு மைனஸ் போட்டோம். புள்ளிகள் கழியும் என்று நம்பினோம். மைனஸ் புள்ளியும் புள்ளிதான் என்பது எங்கள் மூளைக்கு எட்டவில்லை. கழிந்தவை எழுத்துகள். தலையில் இருந்த பழைய புள்ளிகளும் அவற்றோடு போய்விட்டன. நாங்கள் போட்ட மூன்று மட்டும் உட்கார இடமில்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

ஃ

இப்போது அவர் பெயர் அதுதான். நற்பெயர் என்ற இடத்தில் எண் எதுவும் இல்லை.

ஆய்தம் தனியாக நிற்காது. முன்னால் ஒரு குறில் வேண்டும், பின்னால் ஒரு வல்லினம் வேண்டும். லிஃப்ட் என்று எழுதிப் பார்த்தாலே தெரியும். அன்று சாயங்காலம் ஸ்கூட்டரின் முன்னால் சுருதியை நிற்கவைத்தேன். கோமதியாகிய நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நடுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வண்டி கிளம்பியது. காந்திபுரம் வரை அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டே போனேன். ஆய்தத்துக்கும் அரை மாத்திரைதான். மீதி அரைக்கு வண்டி தானாக ஓடிக்கொள்கிறது.

வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறோம். அவள் முன்னால், நான் பின்னால். நான் வல்லினமாக இருப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. "அதுக்கு நீ தனியா வேற பழகோணுமாக்கும்" என்று அண்ணி கேலி செய்கிறார். சுருதி விஷயம்தான் கவலையாக இருந்தது. வளர்ந்தால் நெடிலாகிவிடுவாள். நெடிலுக்குப் பின்னால் ஆய்தம் வராது. அவளை உட்காரவைத்து இதைச் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"செரிம்மா" என்றாள்.

இந்த ஜூனோடு மூன்றாவது வருடம். ஒன்றாம் வகுப்பில் தைத்த அதே சீருடை அவளுக்குச் சரியாக இருக்கிறது.