கங்குவின் முதுகு

அகமதாபாத்தில் பிசியோதெரபி படித்த எங்கள் வகுப்பில் யாருக்கும் பார்வை கிடையாது. பாடம் எடுத்த நிருபாபென்னுக்கும்தான்; 'பென்' என்றால் குஜராத்தியில் அக்கா. முதல் சில மாதங்கள் எலும்புகளோடே போயின. மேசைக்கு வரும் ஒவ்வொன்றையும், எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே துளை என்று விரலால் தடவி மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அதில் கங்குதான் கெட்டிக்காரி. கட்ச் பக்கம் ஒட்டகம் மேய்க்கிற வீட்டுப் பெண். முதுகுத்தண்டின் முள்ளெலும்புகளைக் குவித்து வைத்தால் போதும். "பக்கத்துக் கொம்புல துளை இருக்கு, இவ கழுத்து. விலா வந்து உக்கார்ற குழி இருக்கு, முள்ளு கீழ சாஞ்சிருக்கு, நடுமுதுகு. இந்தத் தடிச்சி இடுப்பு, நம்ம ஹேத்தல் மாதிரி" என்று பிரித்து அடுக்கிவிடுவாள். ஹேத்தல் என்பது நான்.

எலும்பு முடிந்து ஆள் மேல் பாடம் ஆரம்பித்ததும் அவள் மாறிப்போனாள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருத்தி குப்புறப் படுக்க, மற்றவள் கழுத்தடியில் துருத்தும் முள்ளைப் பிடித்துக் கீழே எண்ணிக்கொண்டு போக வேண்டும். என் முதுகை எண்ணுவாள். தன் முறை வந்தால் வயிற்றுவலி, தலைவலி.

ஒரு சனிக்கிழமை நிருபாபென் விடவில்லை. "கங்கு, உன் முதுகுக்கு மட்டும் என்ன தங்கமுலாமா? படும்மா."

படுத்தாள். நான் எண்ண ஆரம்பித்தேன். நாலாவது முள்ளிலேயே விரல் நேர்க்கோட்டை விட்டு விலகியது. தண்டு வலப்பக்கம் வளைந்துகொண்டே போனது. வலது விலாக்கள் பின்னால் புடைத்து நின்றன. என் கை நின்றுவிட்டது.

"சொல்லிடாதடி" என்றாள் கங்கு, மெத்தைக்குள் வாயை வைத்துக்கொண்டு.

"என்ன ஹேத்தல், எண்ணிட்டியா?"

"இன்னும் கொஞ்ச நேரம் வேணும் பென்" என்றேன். மணி அடித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் துணி உலர்த்தும்போது அவளே பேசினாள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி கட்டிப்பிடிக்கிற சாக்கில் முதுகைத் தடவிப் பார்த்தாளாம். "'கண்ணு தெரியாதுன்னுதான் சொன்னீங்க, இத ஏன் மறைச்சீங்க'ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அதுலேருந்து அம்மா என்னைச் சுவரோரமாத்தான் உக்கார வைப்பா. என் முதுகுல சோப்பு போடுறதக்கூட விட்டுட்டா. குருட்டுப் பொண்ணுங்க நடுவுல யாருக்குத் தெரியப்போவுதுன்னு நிம்மதியா இங்க வந்தேன்டி. வந்து பாத்தா, அடுத்தவ முதுகத் தடவுறதுதான் படிப்பே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்தபோது அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அது எப்படித்தான் இருக்கு ஹேத்தல்? என் கை அவ்வளவு தூரம் எட்டாது. டாக்டர் அப்பாகிட்டதான் சொன்னாரு. என்கிட்ட யாரும் சொல்லல."

எலும்பு அறைக்குப் போனோம். மேசையில் துண்டை விரித்து முள்ளெலும்புகளைக் கொட்டினேன். இடது கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு, விரல் எங்கே விலகுகிறதோ அங்கே வலது கையால் எலும்பை நகர்த்தினேன். வளைவில் முதுகெலும்பு கொஞ்சம் திரும்பியும் இருக்கும். அதையும் திருப்பி வைத்தேன். முழு வரிசையும் ஆனதும் அவள் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன்.

மேலிருந்து கீழே தடவினாள். மறுபடி தடவினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "நான் என்னமோ பெரிய மூட்டை மாதிரின்னுல்ல நெனச்சேன்."

திங்கட்கிழமை அவளாகவே போய் நிருபாபென்னிடம் சொன்னாள். பென் நிதானமாகத் தடவிப் பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேன் கங்கு. வளர்ற வயசு தாண்டிடுச்சு, பயிற்சியால இது நேராகாது. ஆனா மூச்சுப் பயிற்சி செஞ்சா நெஞ்சுக்கு நல்லது, வலியும் கொறையும். ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிடலாம்."

"சரி பென். இவளுகளும் தடவிக் கத்துக்கட்டும்" என்றாள் கங்கு. அன்று வகுப்பே வரிசையில் நின்றது. "கூச்சமா இருக்குடி, மெதுவா!" என்று கத்திக்கொண்டே கிடந்தாள்.

பட்டம் விடும் பண்டிகைக்கு அவள் அம்மா சுக்கடி இனிப்போடு வந்தார். கங்கு அவரைப் பயிற்சி அறைக்கு இழுத்துப் போய், மெத்தையில் குப்புறப் படுத்து, அவர் கையை எடுத்து முதுகில் வைத்தாள். அவர் வளையல்கள் ஒருமுறை ஒலித்து நின்றன.

பிறகு கேட்டார்: "வலிக்குதா தாயி?"

"சாயங்காலத்துல கொஞ்சம்."

வளையல்கள் மெல்ல ஒலிக்கத் தொடங்கின. முதுகை அழுத்திப் பிடித்துவிடுகிறார் என்று புரிந்தது.

"அங்க இல்லம்மா" என்றாள் கங்கு. "இன்னும் கொஞ்சம் கீழ, வலப்பக்கம்."