சக்கரவர்த்தியின் முகப்படம்

பந்தயக் குதிரை சக்கரவர்த்தியின் இடது மூக்கில் மூன்று வாரமாகச் சீழ் வடிந்தது. கிட்டே போனால் குடலைப் புரட்டும் நாற்றம். லாயக்காரர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே எக்ஸ்ரே வண்டிக்காகக் காத்திருந்தார். அவருடைய ஆட்காட்டி விரலிலும் ஒரு புண். வந்து ஏழு மாதம். ஆறுகிற வழியைக் காணோம். நகம் கருத்துப் பிளந்திருந்தது.

"இன்னிக்காவது டாக்டர்கிட்ட கையக் காட்டுங்க," என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

"அவரு குதிரை டாக்டர்டி."

"அப்ப கனைச்சுக் காட்டுங்க. அப்பவாவது பாப்பாரு."

வண்டி வந்தது. முதலாளியும் வந்தார், கேமராவும் கையுமாக மச்சினனோடு.

"மயக்க ஊசி போட்டா ஆடாம நிக்கும் சார். எக்ஸ்ரே தகட்டை ஸ்டாண்டுலயே மாட்டிடலாம்," என்றார் டாக்டர்.

"பத்து நாள்ல பந்தயம். ஊசியெல்லாம் கூடவே கூடாது."

"அப்ப வழக்கம்போல நம்மாளே பிடிக்கட்டும்."

பதினாறு வருஷத்து வழக்கம். லாயக்காரர் தோளில் தாடையைச் சாய்த்துவிட்டால், அந்த லாயத்தில் எந்தக் குதிரையும் அசையாது.

வண்டியில் எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமல் தடுக்கும் ஈய அங்கி இரண்டு, ஈயக் கையுறை ஒரு ஜோடி. ஓர் அங்கியை டாக்டர் மாட்டிக்கொண்டார். மற்றதையும் கையுறையையும் முதலாளி மாட்டிக்கொண்டு, இருபதடி தள்ளி, கோட்டையைப் பிடித்தவர்போல இடுப்பில் கைவைத்து நின்றார். மச்சினன் போட்டோ எடுத்தான்.

"ஐயா, அந்தக் கையுறை..." என்று இழுத்தார் லாயக்காரர்.

"ஒரு நொடி வேலைப்பா. அதுக்குப் போயி!" என்றார் டாக்டர்.

"எப்பவும் ஒரு நொடிதாங்கய்யா," என்று குதிரையின் கழுத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தகட்டைக் கன்னத்தோடு அணைத்துப் பிடித்தார்.

வண்டிக்குள்ளேயே கழுவிய படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"இங்க காத்து இருக்கணும் சார், கருப்பாத் தெரியணும். தம்ளர்ல தண்ணி நிக்கிற மாதிரி மட்டமா ஒரு கோடு தெரியுதா? அதுக்குக் கீழ பூரா சீழ். மேல் கடைவாய்ப் பல்லு வேர் அழுகி, சைனஸ்ல இறங்கியிருக்கு. பல்லை எடுத்துட்டு, எலும்புல துளை போட்டுக் கழுவணும்."

முதலாளிக்குக் கண் கலங்கியது. "பந்தயம் கிடக்கட்டும். எந்த ஊருக்கு வேணா கொண்டுபோங்க. புள்ள மாதிரி சார் அது."

படத்தின் கீழ் ஓரத்தில் நான்கு விரல்கள் விழுந்திருந்தன. லாயக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இது என் கைங்க. இந்த ஆட்காட்டி விரல் நுனி எலும்பு மட்டும் கறையான் அரிச்சாப்புல இருக்கே?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். குதிரையின் பல்லைப் பார்த்ததைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

"கை என்ன கை, அசிங்கமா!" என்றார் முதலாளி. "இதைப் பெரிசாக்கி ஆபீஸ்ல மாட்டப்போறேன்."

"அதுக்கென்ன சார், மறைச்சிடலாம்."

டாக்டர் நிமிர்ந்தார். வெள்ளைச் சீட்டொன்றில் 'சக்கரவர்த்தி, வயது ஐந்து, இடது பக்கம்' என்று நிறுத்தி எழுதி, நான்கு விரலும் மறையும்படி ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.