பாண்டான் என்று சொன்ன கீரை

என் வீட்டுக்காரர் கிளிஃபர்டுக்குக் கீரை என்றால் வேப்பங்காய். "ஆடு திங்கிறத நான் ஏன் திங்கணும்?" என்பார். அவரைப் பார்த்துப் பத்து வயது கிறிஸ்டலும் காய்கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள். அப்பனும் மகளும் ஒரே அச்சு.

தவக்காலத்தின் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. போன வருஷம் இருவரும் உருளைக்கிழங்கையும் முட்டையையும் தின்றே நாளை ஓட்டினார்கள். இந்த வருஷம் நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். சௌரஸ்தா பசாரில் தினமும் இரண்டு கட்டுக் கீரை வாங்கித் தோசை மாவில் அரைத்தேன். சார்டின் கட்லட்டில் முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தேன்.

"என்ன எவ்லின், பச்சையா இருக்கு?"

"பாண்டான் இலை போட்டேன்லா. வாசனைக்கு."

இருவரும் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாவது வாரம் கிளிஃபர்டின் ரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவர் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாத்திரை. ஆஸ்பத்திரியில் மருந்து பார்த்துக் கொடுக்கும் குணாளன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, ரத்தம் இளகியிருக்கிற அளவு ரெண்டரைக்கு மேல இருக்கணும். ஒன்னு புள்ளி மூனுதான் இருக்கு. மருந்து விட்டீங்களா?"

"பூசைய மறந்தாலும் மருந்த மறக்க மாட்டேன், தம்பி."

"இப்படியே இருந்தா வால்வுல ரத்தம் கட்டிரும். மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். சாப்பாட்ட மாத்தினீங்களா? கீரை நிறைய சாப்பிட்டா மருந்து வேலை செய்யாது."

"கீரையா? நான் தொடவே மாட்டேன்லா. வேணும்னா என் வைஃபக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆப்பரேஷன் முடிந்தபோதே இந்தக் கீரை விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அன்றும் இவர் இதையேதான் சொன்னார்; எல்லோரும் சிரித்தோம். இவருக்கு எதற்கு அந்தக் கவலை என்று நான் அன்றே அதை மறந்து தொலைத்தேன், புத்திகெட்டவள். அந்தச் சின்ன அறையில் அவருடைய வால்வு டிக் டிக்கென்று அடிப்பது எனக்குக் கேட்டது. அது நின்றுவிடுமோ என்று நடுங்கினேன்.

"நான்தான் போட்டேன், தம்பி," என்றேன். "தோசையில, கட்லட்ல. அஞ்சு வாரமா, தினமும். இவருக்குத் தெரியாது."

கிளிஃபர்ட் என் பக்கம் திரும்பவே இல்லை.

உடனே ஊசி போட்டு, ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள். கதவுக்கு வெளியே நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலையை எடுத்தேன், அருள் நிறைந்த மரியே என்பதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. கிறிஸ்டலிடம் என்ன சொல்வேன்? அப்பாவுக்குச் சோறு போட்டே இப்படி ஆக்கிவிட்டேன் என்றா?

நல்லவேளை, வால்வு சுத்தமாக இருந்தது. ரத்தம் கட்டவில்லை. அந்த நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"கீரைய அடியோட நிறுத்திடாதீங்க, அக்கா," என்றார் குணாளன். "திடீர்னு நிறுத்தினா ரத்தம் ரொம்ப இளகிரும். தினம் ஒரே அளவு, ஒரு கைப்பிடி போடுங்க. அதுக்குத் தக்க மருந்த நாங்க மாத்துறோம். ஆனா ஒளிச்சு வைக்காதீங்க."

இப்போது கீரையைத் தனியாகப் பொரியல் செய்து, கைப்பிடி அளந்து, மூவர் தட்டிலும் வைக்கிறேன். கிளிஃபர்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறார். அவர் தின்பதைப் பார்த்துக் கிறிஸ்டலும் தின்கிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் நேற்று வெறும் தேத்தண்ணீர்தான் கொடுத்தேன். கிளாஸை வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன போட்ட, எவ்லின்?"

பதினாறு வருஷமாக என் கையால் எதைக் கொடுத்தாலும் கேட்காமல் சாப்பிட்ட மனிதர். கோபத்தில் கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் பயந்துபோய்க் கேட்டார்.