ஏழாம் பாத்தி

குடியிருப்பின் பின்பக்கம் குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு பாத்திகள். பன்னிரண்டு குடும்பம், ஏழெட்டு மொழி. ஏழாம் பாத்தி தையல்காரம்மாவுடையது. நாள் முழுக்க மெஷினில் குனிந்து அடுத்தவர் கால்சட்டையைச் சுருக்கிக் கொடுப்பவளுக்கு, கணவன் போன பிறகு நாலு பேரோடு வாய்விட்டுப் பேசக் கிடைத்தது அந்தப் பத்தடி மண்தான். அதிலிருந்த கண்ணாடிச் சில்லையெல்லாம் கை கிழியப் பொறுக்கியவளும் அவளே.

எட்டாம் பாத்தி ரொட்டிக்கடைக்காரனுக்கு. மொழி வேறு, சாமி வேறு. அவனை எதற்கு உள்ளே விட வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தபோது, கூட்டத்தில் மல்லுக்கு நின்று இடம் வாங்கிக் கொடுத்தது இவள்தான். அன்றிலிருந்து அவனுக்கு இவள் ‘அக்கா’. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது. மற்றதெல்லாம் ஊர்ப் பொதுமொழியில் ஓடும்.

தோட்டத்தில் ஒரு கறாரான சட்டம் உண்டு. குழாயடியில் தொங்கும் நோட்டில் வாரம் ஒரு கையெழுத்தாவது போட வேண்டும். மூன்று வாரம் விட்டுப்போனால் பாத்தி, காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு. வெளியூர் போகிறவருக்காகப் பக்கத்துப் பாத்திக்காரர் போடலாம்.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பும்போது தையல்காரம்மா அவனிடம் சொன்னாள்: “தண்ணி ஊத்தலேன்னாகூடப் பரவாயில்லப்பா. கையெழுத்த மட்டும் மறந்துடாதே.”

“நிம்மதியா போயிட்டு வாங்க அக்கா. நான் இருக்கேன்ல,” என்றான்.

நாலாம் வாரம் திரும்பியவள், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தோட்டத்துக்கு ஓடினாள். பாகல் பந்தல் நிறையக் காய்த்திருந்தது. கத்தரி பளபளவென்று நின்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டானே என்று அவளுக்கு வயிறு குளிர்ந்தது. பந்தலடியில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி காய் பறித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகுதான் நோட்டைப் புரட்டினாள். எட்டுக்கு நேரே வாரம் தவறாமல் அவன் கையெழுத்து. ஏழுக்கு நேரே மூன்று கட்டமும் வெறுமை. கீழே தோட்டச் செயலாளர் புதுப் பெயர் எழுதியிருந்தார். பட்டியலில் அடுத்து நின்ற ரொட்டிக்கடைக்காரனின் தங்கை பெயர்.

தண்ணீர் ஊற்றியிருக்கிறான் பாவி! தங்கை கைக்கு வரும்வரை செடி வாடக் கூடாதல்லவா.

அவன் வாளியோடு வந்தான். இவளைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

“மறந்துட்டேன் அக்கா.”

“உன் கட்டத்துல போட மட்டும் ஞாபகம் இருந்துச்சா?”

வாளியைக் கீழே வைத்தான். “அவ இங்க வந்து ஒரு வருஷமாச்சு. பேச ஆளில்லாம ரூமுக்குள்ளயே அழுதுட்டுக் கிடந்தா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. பாதிய பிரிச்சுக் குடுத்திருப்பேனே.”

“குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

பாத்தி போனதைவிட இது அவளை எரித்தது. இத்தனை வருஷம் பழகி, இவ்வளவுதானா இவன் என்னைத் தெரிந்துகொண்டது?

அதற்குள் தங்கை கை நிறையப் பாகற்காயோடு வந்துவிட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“எங்க தோட்டத்துல காய்ச்சது. எடுத்துக்கங்க,” என்று பொதுமொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்லி நீட்டினாள்.

அண்ணன் வாயைத் திறப்பான் என்று தையல்காரம்மா அவனையே பார்த்தாள். அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். தையல்காரம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.