எட்டடி ரப்பர்

நர்ஸம்மா தன் சீருடையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் டெய்லரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை வெளேரென்ற துணி. கீழ் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாகத் துருக்கறை. தைத்து முடித்த துணியை இரண்டு நாள் மெஷின் மேலேயே மடித்து வைத்திருந்தாள். மெஷின் தட்டிலிருந்த துரு ஈரத்தோடு சேர்ந்து துணிக்குள் இறங்கிவிட்டது. பரவாயில்லைம்மா, கறை போகாவிட்டால் வீட்டில் உடுத்திக்கொள்கிறேன் என்று சொல்லி, துணியை அங்கேயே விட்டுவிட்டு நர்ஸம்மா போய்விட்டாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்று போகிறவளிடம் என்னத்தைப் பேசுவது? முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் கை பட்ட துணி ஒன்று கறையோடு திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை.

குற்றம் மெஷினுடையது இல்லை, கதவுடையது. அவள் தையல் போடுகிற இடம் வீட்டோடு ஒட்டிய கார் ஷெட். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் காருக்காகக் கட்டியது. இவர்களிடம் எந்தக் காலத்திலும் கார் இருந்ததில்லை என்பதால் இரண்டு மெஷின், வெட்டுகிற மேசை, நூல்கண்டு அலமாரி எல்லாம் அதற்குள் குடியேறின. மேலே தூக்கித் திறக்கிற எட்டடி அகலத் தகரக் கதவு. அந்தக் கதவு தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்க வேண்டும். இருந்தது. கடல் இரண்டு தெரு தள்ளித்தான். உப்புக்காற்றும் வெயிலும் தின்று தீர்த்ததில் அது காய்ந்து வெடித்து, கையால் கிள்ளினால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டது. பக்கவாட்டு ரப்பரோ கதவை விட்டு விலகி, யாரோடோ கோபித்துக்கொண்ட மாதிரி திரும்பி நின்றது. மழை சாய்த்து அடித்தால் தண்ணீர் மெஷின் கால்வரை வரும். மழையே இல்லாத நாளில்கூடக் காலையில் மெஷின் சக்கரத்தில் உப்பு பூத்திருக்கும். அவள் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

இது இப்படியே ஓடியிருக்கும். மகன் கார் வாங்கினான். மூன்று தெரு தள்ளி அடுக்குமாடியில் இருக்கிறான்; அங்கே நிறுத்த இடம் கிடையாது. புதுக் கார் வெளியில் நின்றால் ஒரே வருஷத்தில் துரு பிடித்துவிடும், ஷெட்டைக் காருக்கு விட்டுவிடு என்றான். அதே வாயால், ஷெட்டில் மெஷின் எப்படியும் துருப்பிடிக்கத்தானே போகிறது என்றும் சொன்னான். கார் துருப்பிடிக்கக் கூடாது, அம்மாவின் மெஷின் துருப்பிடிக்கலாம். இதைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஆனால் அவன் கெட்டவன் இல்லை. உனக்கு அறுபது ஆகிறது, கண்ணும் இடுப்பும் வலிக்கிறது என்று நீயே சொல்கிறாய், போதாதா என்று கேட்டபோது அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அக்கறையோடு வருகிறவனை எதிர்க்கிறதுதான் இருக்கிற வேலைகளிலேயே கஷ்டமான வேலை.

நர்ஸம்மாவின் சீருடை அவன் கண்ணில் பட்டுத் தொலைத்தது. அதைத் தூக்கிப் பார்த்தான்.

"அம்மா, இதுக்கு மேலயும் என்ன சொல்லணும்? பேசாம மூடிடு."

"கதவைச் சரி பண்ணிட்டா?"

"வர்ற மழைக்கு ஒரு சொட்டு உள்ள வரலைன்னா நான் வாயே திறக்கல. வந்துச்சுன்னா மெஷின வித்துரலாம். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் அந்த நேரத்தில் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். தெருவில் அவர் பெயரே பாத்துக்கலாம் ஆகிவிட்டது. அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் கதவு மெக்கானிக் வந்தார். வாசலில் நின்ற டெய்லரம்மாவைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப்பார்த்து, ஆம்பளைங்க யாரும் இல்லையா என்று கேட்டார். "இருக்காங்க, தூங்குறாங்க. என்ன சொல்லணுமோ எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அவர் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, இந்தக் காற்றுக்கு ரப்பரெல்லாம் நிற்காது, கதவையே மாற்ற வேண்டும், தம்பியிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். தம்பி என்றால் மகன். அவளுக்கு வந்த கோபத்தில் அவரிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. கதவு யாருடையது, மெஷின் யாருடையது, பேச்சு மட்டும் யாரிடமாம்?

கடைக்குத் தானே போனாள். காரின் கதவு விளிம்பில் ஓடுகிற ரப்பர் பீடிங் மாதிரியே ஷெட் கதவுக்கும் உண்டு என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். அடிப்பக்கம் குழலாக உப்பி, மேலே இரண்டு வரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிகள் கதவடியில் இருக்கிற அலுமினியப் பள்ளத்துக்குள் நுழைய வேண்டும். திருகாணிக்குச் சாதா இரும்பை எடுத்துக் கொடுத்தார். ஒரு மழைக்குத் தாங்காது, துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தாள். உப்புக்காற்றைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவளும் வீட்டுக்காரருமாகக் கதவை இடுப்பளவு தூக்கி, இரண்டு பக்கமும் முக்காலி முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பழைய ரப்பரைக் குறடால் பிடுங்கினால் நீளமாக வரவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பள்ளம் முழுக்க வெள்ளைப் பொடி. கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பதற்குள்ளேயே அரை நாள் போனது. பிறகு அவள் ஒரு முனையிலிருந்து ரப்பரை உள்ளே விட, பாத்துக்கலாம் மறுமுனையில் நின்று இழுத்தார். மனுஷர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை முழு மூச்சோடு செய்தார் என்று சொல்ல வேண்டும். இழுத்த இழுப்பில் ரப்பர் விரைப்பாக, சுருக்கமே இல்லாமல் நின்றது. இரண்டு ஓரமும் கதவோடு கச்சிதமாகச் சேர்த்து வெட்டினாள். தையல் கத்திரியால் இல்லை, அதை வேறு எதற்கும் யாரும் தொடக் கூடாது, காய் நறுக்குகிற கத்தியால். கதவை இறக்கிப் பார்த்தபோது அவளுக்கே பெருமை தாங்கவில்லை. மகனைப் போனில் கூப்பிட்டு வந்து பார்க்கச் சொன்னாள்.

அவன் வந்தது நான்காம் நாள். கதவடியில் குனிந்தான். கதவின் இடது மூலையில் நான்கு விரலைச் சேர்த்து நுழைத்துக் காட்டினான். வலது மூலையிலும் அதே நான்கு விரல். ரப்பர் இரண்டு பக்கமும் உள்ளே ஓடிப்போயிருந்தது.

"விடும்மா. நீ செஞ்சு பாத்துட்ட இல்ல? அது போதும்."

அவன் அதைப் பாசமாகத்தான் சொன்னான். காதில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் போன பிறகு தரையில் உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் எப்படிக் குறையும்? எலியா தின்றது? விரலால் நுனியைப் பிடித்து இழுத்தாள், வந்தது. விட்டாள்; போனது. தலையில் அடித்துக்கொண்டாள். பாவாடை இடுப்புக்கும் குழந்தைகள் கால்சட்டைக்கும் ஆயிரக்கணக்கில் எலாஸ்டிக் தைத்தவள்! எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் தைத்தால், கையை விட்டதும் அது தன் அளவுக்குத் திரும்பிவிடும், துணியும் சேர்ந்து சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? அன்றைக்கு இழுத்து வைத்து வெட்டியிருக்கிறாள். தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம், தெரிந்தே செய்த தப்புக்கு அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

இந்தத் தடவை ஒரு முழம் அதிகமாகவே வாங்கினாள். கொண்டுவந்ததும் மாட்டவில்லை. வெட்டுகிற மேசைமேல் ஒரு நாள் முழுக்க நீட்டிப் படுக்க வைத்தாள். சுருளில் கிடந்த ரப்பர் தன் இஷ்டத்துக்கு நீண்டு, தன் இஷ்டத்துக்குச் சுருங்கி ஓய்ந்தது. மறுநாள் சோப்புத் தண்ணீரைத் தாராளமாக விட்டு வேலையைத் தொடங்கினாள். பாத்துக்கலாம் பழையபடி மறுமுனைக்குப் போய்க் கையை நீட்டினார்.

"இழுக்காதீங்க. எம்பக்கம் வந்து தள்ளுங்க."

"தள்ளுனா எப்படிப் போகும்? இழுத்தாத்தானே வேலை சுளுவு."

"இழுத்தா நமக்குச் சுளுவு. அப்புறம் அது திரும்பிப் போயிடும். தள்ளுங்க."

ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாகத் தள்ளினார்கள். முதுகு விண்விண் என்று தெறித்தது. நடுவில் அவர் இரண்டு தடவை பாத்துக்கலாம் என்று நிறுத்தப் பார்த்தார், அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முடிந்ததும் ஓரத்தோடு வெட்டவில்லை. தையலுக்கு விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் மூன்று விரல் விட்டு வெட்டி, மிச்சத்தை உள்பக்கமாக மடித்து எஃகுத் திருகாணி போட்டாள். பக்கவாட்டு ரப்பரைக் கதவோடு லேசாக அழுந்தும்படி வைத்து முடுக்கினாள். இறுக்கினால் கதவு ஏறாது, தளர விட்டால் காற்று நுழையும், சட்டைக் கழுத்துப் பட்டி வைக்கிற கணக்குத்தான். மகனைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் மழை பிடித்தது. ஒன்றரை நாள் விடாமல், கடல் பக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்து அடித்தது. தகரக் கதவு முழுக்க யாரோ கூழாங்கல்லை வாரி இறைக்கிற சத்தம். அவள் இரண்டாவது மெஷினில் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டே கதவடியைப் பார்ப்பதும், பார்க்கவில்லை என்கிற மாதிரி முகத்தைத் திருப்புவதுமாக இருந்தாள். தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருக்காது. அம்மா ஓய்வெடுக்கிறார்கள் என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை இன்னும் வலுத்திருக்கும்போது, வீட்டுப் பக்கக் கதவு வழியாக மகன் உள்ளே வந்தான். குடையையும் மீறிச் சட்டையின் தோள் நனைந்திருந்தது. தரையைப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. துடைத்து வைத்திருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். மூலை மூலையாகக் கண்ணை ஓட்டினான். அவன் நினைத்தது அவளுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. பார்க்கட்டும், நன்றாகவே பார்க்கட்டும்.

"வர்ற வழிக் கதவைச் சாத்து. லைட்டை அணை" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அணைடா. தண்ணி புகுற இடத்துல வெளிச்சமும் புகும். எங்கயாவது தெரியுதான்னு பாத்துச் சொல்லு."

சாத்தினான், அணைத்தான். நடுப்பகல். வெளியே உலகம் முழுக்க வெளிச்சமும் மழையுமாக இருந்தது. ஷெட்டுக்குள் கண்ணெதிரில் நீட்டிய கை தெரியவில்லை. கதவடியில் ஒரு கோடு இல்லை, இரண்டு மூலையிலும் ஒரு புள்ளி இல்லை. அவள் மெஷினை விட்டு எழுந்தாள்.

"அம்மா, எங்க இருக்க?"

"இங்கதான். இங்கயேதான் இருப்பேன்."

கதவுப் பக்கம் முழங்கால் முட்டி தரையில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவன் உள்ளங்கை சிமெண்டுத் தரையைத் தடவிக்கொண்டு போகிற சத்தம். காய்ந்த தரையில் காய்ந்த கை உரசுகிற சத்தம். டெய்லரம்மா நாற்காலியைத் துழாவி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கால் மிதிகட்டையைத் தானாகவே தேடிக்கொண்டது. அந்தக் கும்மிருட்டில், தைப்பதற்குத் துணிகூட இல்லாமல், மிதிக்கத் தொடங்கினாள்.